எரிஞ்ச மலைக்குக் கீழே வீடு, அரசாங்கம் வாங்க வந்தா குடுக்கலாமா?

கேள்வி: சார், என் தம்பி அமெரிக்கால நியூ மெக்ஸிகோ மாநிலத்துல இருக்கான், ஆத்தை ஒட்டின வீடு. 2024ல மலைக்காடு எரிஞ்சப்ப வீடு எப்படியோ தப்பிச்சிடுச்சு. இப்ப ஆத்தோர வீடுகளை அரசாங்கப் பணத்துல வாங்கி, இடிச்சிட்டு, நிலத்தை சும்மா விடப்போறாங்கன்னு பேச்சு அடிபடுதாம். எரிஞ்சது மலை, வாங்குறது கீழ இருக்குற வீட்டை. எனக்கு ஒண்ணும் புரியல. அவன் விக்கலாமா?

பதில்: உங்க குழப்பம் நியாயமானதுதான், முதல்ல மண்ணைப் பத்தி சொல்லிடறேன், மீதி தானா புரிஞ்சிடும். காடு எரியும்போது இலை, சருகு, பைன் ஊசி எல்லாத்துலயும் இருக்குற மெழுகு மாதிரியான பொருள் ஆவியாகி மண்ணுக்குள்ள இறங்கும், கொஞ்சம் கீழ போனதும் குளிர்ந்து மண்துகள் மேல படிஞ்சிடும். அங்க காட்டிலாகா ஆளுங்க தீ அடங்கினதும் போய் ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுவாங்க, சாம்பலை ஒதுக்கிட்டு மண்ணு மேல ஒரு சொட்டு தண்ணி விட்டுட்டு எத்தனை செகண்ட்ல உறிஞ்சுதுன்னு பார்ப்பாங்க. கடுமையா எரிஞ்ச இடத்துல அந்த சொட்டு தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டையா அப்படியே நிக்கும். அந்த ஒரு சொட்டை ஒரு மலை முழுக்க பெய்யுற மழையா நினைச்சுப் பாருங்க. பிடிச்சு வைக்க மரமும் இல்ல, உறிஞ்ச மண்ணும் இல்ல, மொத்தத் தண்ணியும் சாம்பலையும் கட்டையையும் கல்லையும் வாரிக்கிட்டு ஒரே நேரத்துல கீழ வரும்.

அதே நியூ மெக்ஸிகோல ருயிடோசோன்னு ஒரு மலை ஊர், நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 2024 ஜூன்ல சவுத் ஃபோர்க், சால்ட்னு ரெண்டு தீ, சுமார் 1,400 கட்டடம் போச்சு. ஒரு வருஷம் கழிச்சு 2025 ஜூலை 8ஆம் தேதி எரிஞ்ச மலை மேல மழை கொட்டினதுல சாதாரணமா முழங்கால் அளவு ஓடுற ஆறு 20 அடிக்கு மேல ஏறிடுச்சு. மூணு பேர் இறந்தாங்க, அதுல ரெண்டு பேர் சின்னக் குழந்தைங்க. ஒரு முழு வீடு அப்படியே ஆத்துல மிதந்து போற வீடியோவை உலகமே பார்த்துச்சு. அதனால தீயில தப்பிச்ச வீடு தப்பிச்சிடுச்சுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. மலையில திரும்ப செடிகொடி பிடிக்க நாலஞ்சு வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அந்த வீட்டுக்குப் பரீட்சைதான்.

கேள்வி: பெரிய சுவர் கட்டினா போதாதா? நிலத்தை எதுக்கு வாங்கணும்?

பதில்: சுவர் கட்டவே இடம் வேணுமே! கலிபோர்னியால மான்டெசிட்டோங்குற பணக்காரங்க ஊரை எடுத்துக்கங்க. 2017 டிசம்பர்ல தாமஸ் தீ ரெண்டே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல எரிச்சுது, முழுசா அணையறதுக்குள்ளயே 2018 ஜனவரி 9 விடியக்காலையில மழை வந்து, கார் சைஸ் பாறைங்க சேத்தோட உருண்டு வந்து 23 உயிர் போச்சு. அதுக்கப்புறம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் ராண்டால் ரோடுங்குற இடத்துல ஓடைக்கரை வீட்டு மனைகளை, ஃபெமாங்குற மத்திய அரசு பேரிடர் உதவித் துறையோட பண உதவியில வாங்கி, அந்த இடத்துலயே பெரிய பள்ளம் தோண்டி, சேறும் பாறையும் அதுல தங்கிட்டு தண்ணி மட்டும் கீழ போற மாதிரி பண்ணாங்க. 2022ல வேலை முடிஞ்சுது. 2023 ஜனவரி 9, பாருங்க அதே தேதி, பெரிய புயல்மழை, ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க, அந்தப் பள்ளம் தன் வேலையைச் செஞ்சுது.

இது புது யோசனையும் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல லா கிரெசென்டாவுல 1933 நவம்பர்ல மலை எரிஞ்சு, 1934 புத்தாண்டு அன்னைக்கு சேத்து வெள்ளம் வந்து நிறைய பேர் செத்ததுக்கு அப்புறம்தான் அங்க இந்த மாதிரி பள்ளங்களை வரிசையா வெட்ட ஆரம்பிச்சாங்க. 90 வருஷமா தெரிஞ்ச பாடம் இது, ஆனாலும் ஒவ்வொரு ஊரும் செத்தப்புறம்தான் படிக்குதுங்குறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

கேள்வி: பணக்காரங்க வீட்டுக்கு மக்கள் வரிப்பணமா?

பதில்: இந்தக் கோவம் எனக்கும் வந்ததுண்டு. ஆனா அந்த நிலம் கைமாறினப்புறம் யாருக்கு உபயோகப்படுதுன்னு பாருங்க, கீழ இருக்குற அத்தனை தெருவுக்கும்தான். ஃபெமா பணத்துல வாங்கின நிலத்துல திரும்ப யாரும் வீடு கட்டக்கூடாது, நிரந்தரமா திறந்தவெளியாவே இருக்கணும்னு பத்திரத்துலயே எழுதிடுவாங்க. என் கோவமெல்லாம் வேற இடத்துல. மழை சில வாரத்துல வந்துடுது, பணம் வர வருஷக்கணக்கு ஆகுது. இப்படி அரசாங்கம் வீடு வாங்குற கேஸ்ல பாதிக்குப் பாதி அஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்திருக்குன்னு 2019ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அஞ்சு வருஷத்துல மலையே பச்சை ஆயிடும், ஆபத்து அதிகமா இருந்த அத்தனை மழையிலயும் அந்தக் குடும்பம் அங்கயே உட்கார்ந்திருக்கும். மாநிலமோ கவுண்டியோ சொந்தமா ஒரு நிதி வச்சிருந்து உடனே வாங்கிடணும், மத்திய அரசு பணத்துக்கான விதிகளை முன்னாடியே பேசி வச்சுக்கணும். இதைச் செய்யாம எத்தனை திட்டம் போட்டாலும் காகிதம்தான்.

கேள்வி: சரி சார், என் தம்பி என்ன பண்ணணும்?

பதில்: விக்கச் சொல்லுங்க, ஆனா கணக்குப் பார்த்து. யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஃபெமா திட்டத்துல விருப்பப்பட்டு குடுத்தாதான் வாங்கலாம். செலவுல பொதுவா 75% மத்திய அரசு, மீதி 25% உள்ளூர் பங்கு.

விலைதான் முக்கியம். பேரிடருக்கு முன்னாடி வீடு என்ன மதிப்புல இருந்துச்சோ அந்த விலையை குடுக்க விதியில இடம் இருக்கு, ஆனா அப்பவே அவர் பேர்ல வீடு இருந்திருக்கணும், அதோட குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கணும். தம்பி ஹெச்1பி விசாவுல இருந்தா இன்னைக்கு இருக்குற மதிப்புதான் கிடைக்கும், வெள்ளத்துக்கு அப்புறம் அது என்னவா இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இதை முதல்லயே கேட்டுத் தெளிவு பண்ணிக்கச் சொல்லுங்க.

அப்புறம் பில்லு! இன்சூரன்ஸ்லயோ அரசு உதவியிலயோ ஏற்கனவே வீட்டு ரிப்பேருக்குப் பணம் வாங்கியிருந்தா வீட்டு விலையில இருந்து அதைக் கழிச்சிடுவாங்க, ஆனா அந்தப் பணத்துல நிஜமாவே ரிப்பேர் பண்ணினதுக்கு ரசீது இருந்தா அந்த அளவுக்குக் கழிக்க மாட்டாங்க. ஆணி வாங்கின சீட்டைக்கூட தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லுங்க. வீட்டுல வாடகைக்கு யாராவது இருந்தா அவங்களுக்கும் இடம் மாற உதவித்தொகை உண்டு, அதை நிறைய ஓனர்ங்க சொல்றதே இல்ல, தம்பி அப்படி இருக்க மாட்டாருன்னு நம்புறேன்.

கையெழுத்து ஆகுற வரைக்கும் வெள்ள இன்சூரன்ஸ் கட்டாயம் வேணும், சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் வராது. அரசு வெள்ள இன்சூரன்ஸ் எடுத்தா பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், அங்க மழைக்காலம் ஜூன் நடுவுலயே ஆரம்பிச்சிடும். மே முதல் வாரத்துக்குள்ள எடுத்துடச் சொல்லுங்க.