இரண்டு ப்ரொஜெக்டர்களும் ஒரு வெள்ளைச் சுவரும்

கேள்வி: என்னிடம் ஒரே மாடலில் இரண்டு டிஎல்பி (நுண்ணிய ஆடிகளால் படம் காட்டும் வகை) ப்ரொஜெக்டர்கள் இருக்கின்றன. அறையின் வெள்ளைச் சுவரில் கம்ப்யூட்டர் கேம்களை முப்பரிமாணத்தில் விளையாட விரும்புகிறேன். போலரைசர் ஃபில்டர்களும் கண்ணாடியும் வாங்கினால் போதுமா? முன்பு நண்பர் வீட்டு 3டி டிவியில் அரை மணி நேரம் விளையாடியதற்கே தலை வலித்தது. இதிலும் அப்படி வருமா?

பதில்: ஃபில்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் சுவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள். இடக்கண்ணுக்கான ஒளியை ஒரு விதமாகவும் வலக்கண்ணுக்கானதை வேறு விதமாகவும் தளவிளைவு செய்து (அதாவது போலரைசர் ஃபில்டரால் ஒளி அலை அதிரும் விதத்தை ஒழுங்குபடுத்தி) அனுப்பி, கண்ணாடியில் அவற்றைப் பிரித்தெடுப்பதே இந்த முறை. பெயின்ட் பூசிய சுவரோ, விழும் ஒளியைப் பலமுறை சிதறடித்துத் திருப்புவதால் அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. கண்ணாடி அணிந்திருந்தும் இரண்டு படங்களும் இரண்டு கண்களிலும் கலந்தே விழும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நேரியல் போலரைசர் (ஒளியை ஒரே நேர்திசையில் அதிரவிடும் வகை) துண்டு ஒன்றை லென்ஸுக்கு முன்னால் வைத்து, இன்னொன்றைக் கண்ணருகே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். தகுந்த பரப்பாக இருந்தால் ஒரு கோணத்தில் படம் ஏறக்குறைய முழுதும் இருண்டுவிடும். வெள்ளைச் சுவரில் வெளிச்சம் குறைவதே தெரியாது.

ஆகவே அந்த வேறுபாட்டைக் கெடுக்காமல் ஒளியைத் திருப்பும், உலோகப் பூச்சுள்ள வெள்ளித் திரை உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால், உங்கள் ப்ரொஜெக்டர் 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 படங்கள்) 3டி படம் காட்டக்கூடியதா என்று கையேட்டில் பாருங்கள். காட்டுமானால் அதில் ஒன்றே போதும்: இடம், வலம் என மாறி மாறி வரும் படத்தோடு ஷட்டர் கண்ணாடி இசைந்து திறந்து மூடும், எந்தச் சுவரும் அதற்கு ஒத்துவரும். வெள்ளித் திரை வாங்க முடியாதவருக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான்.

இரண்டு ப்ரொஜெக்டர்களையும் பயன்படுத்துவதென்றால் ஒளி அதிரும் திசையைத் திருகுபோல் சுழலச் செய்யும் வட்டத் தளவிளைவு ஃபில்டர்களையே வாங்குங்கள். நேரியல் ஃபில்டரில் விளையாட்டு மும்முரத்தில் தலை சற்றுச் சாய்ந்தாலும் படங்கள் கலந்துவிடும். உங்களிடம் இருப்பவை டிஎல்பி என்பது நல்லதாகப் போயிற்று. பல எல்சிடி ப்ரொஜெக்டர்களில் பச்சை ஒளி மட்டும் வேறு திசையில் தளவிளைவுற்று வருவதால், ஃபில்டர் வைத்ததும் நிறங்கள் கெட்டுவிடும். ஃபில்டர் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் அறை நன்கு இருட்டாக இருக்க வேண்டும். விளக்கின் சூட்டில் ஃபில்டர் கெட்டுப்போகாதபடி லென்ஸை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள்.

ப்ரொஜெக்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக உறுதியான சட்டத்தில் அடுக்கி, ஒன்றிலிருந்து சிவப்புக் கட்டங்களையும் மற்றதிலிருந்து பச்சைக் கட்டங்களையும் திரையில் விழச் செய்யுங்கள். கோடுகள் சரியாகப் பொருந்திய இடம் மஞ்சளாகவும், பொருந்தாத இடம் இரு நிறமாகப் பிரிந்தும் தெரியும். நான்கு மூலைகளும் மஞ்சளாகும் வரை திருகுகளைப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். ஒரு மாலைப் பொழுது முழுவதும் இதற்கே போனாலும் அது வீணல்ல. பக்கவாட்டில் சிறிது விலகினால் ஆழம்தான் கொஞ்சம் மாறும். மேல்கீழாக விலகினாலோ, ஒரு கண்ணை மேலேயும் மறு கண்ணைக் கீழேயும் திருப்பிப் பழக்கமில்லாத நம் கண்கள் வெகு விரைவில் களைத்துவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, கேம்களை முப்பரிமாணத்தில் காட்டத் தந்துவந்த 3டி விஷன் வசதி 2019-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இப்போது கேமுக்கேற்ற மாற்று மென்பொருள்களையே நம்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சியைத் தனியாக வரைபவை, ஒரே படத்தின் ஆழத் தகவலிலிருந்து இன்னொன்றை ஊகித்து உருவாக்குபவை என அவை இரு வகைப்படும். முன்னதில் கிராஃபிக்ஸ் கார்டின் சுமை ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனாலும் அது தரும் ஆழமே உண்மையானது.

இனி தலைவலிக்கு வருகிறேன். ஆழத்தின் அளவை மிகுதியாக வைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம் உண்டு. தொலைவிலுள்ள மலையின் இடப் படமும் வலப் படமும் திரையில் அதைவிட அதிகமாக விலகியிருந்தால், கண்கள் இயற்கையில் ஒருபோதும் செய்யாதபடி வெளிப்புறமாகத் திரும்ப நேரும். 1920 புள்ளிகள் கொண்ட படம் 2 மீட்டர் அகலத்தில் விழும்போது 63 மில்லிமீட்டர் என்பது சுமார் 60 புள்ளிகள்; 60 சென்டிமீட்டர் அகல மானிட்டரிலோ அது சுமார் 200 புள்ளிகள். மானிட்டரில் இதமாக இருந்த 150 புள்ளி விலகலை அப்படியே உங்கள் திரைக்குக் கொண்டுவந்தால் அது 156 மில்லிமீட்டராகிவிடும். எனவே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அளவுகோலைத் திரைமீது வைத்து, மிகத் தொலைவான பொருளின் விலகலை அளந்து, 50 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் இன்னும் குறைவாக வைத்து, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கண்களுக்கு ஓய்வு கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வலித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் இரு கண் பார்வையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று: சுடும் கேம்களில் இலக்கைக் காட்டும் துப்பாக்கிக் குறி மட்டும் திரையின் மட்டத்திலேயே நின்று, எதிரி தொலைவில் இருந்தால், குறியைப் பார்க்கையில் எதிரி இரண்டாகவும் எதிரியைப் பார்க்கையில் குறி இரண்டாகவும் தெரியும். மென்பொருளில் குறியையும் ஆழத்துக்குத் தள்ளும் வசதி இருந்தால் முதல் வேலையாக அதை இயக்கிவிடுங்கள்.