சிக்னல் இல்லாத நேரத்தில் எழுதும் பதில்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வால்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கல்வெட்டு ஆர்வலர்கள் சிலர் மின்னஞ்சலிலேயே பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் இருக்கிறேன். இங்கே மழைக்காலத்தில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனில் நீளமாக எழுதி அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் எழுதியதே காணாமல் போயிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, நான் கேட்டதற்கு யார் பதில் சொன்னார்கள், யாருக்கு நான் பதில் பாக்கி வைத்திருக்கிறேன் என்பதே தெரியாமல் போவது. உத்திரமேரூர் குடவோலை பற்றி நடந்த பேச்சில், இத்தனை கடிதம் போன பிறகும் யார் எதை மறுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இணைப்பு இல்லாதபோது எழுதி வைத்து, கிடைக்கும்போது அனுப்பலாமா? அதற்குள் பேச்சு நகர்ந்து போய்விடாதா?

அன்புடன்,
ச., வால்பாறை

அன்புள்ள ச.,

தாராளமாக எழுதி வையுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். இணைப்பு இல்லாமல் பதில் எழுதுவது புதிய வழி அல்ல, ஒரு காலத்தில் பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தொலைபேசி வழியே கணினிகள் கடிதம் பரிமாறிக்கொண்ட வலை அது. யாரோ ஒருவர் வீட்டில் ஒரு கணினி, ஒரு மோடம், பெரும்பாலும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவுதான். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும். அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஊர் விட்டு ஊர் கடிதங்கள் போவது இரவில், கட்டணம் குறைந்த நேரத்தில், ஒரு கணினி இன்னொன்றை அழைத்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். இந்த நெருக்கடியில்தான் 1987இல் மார்க் ஹெரிங் என்பவர் க்யூடபிள்யூகே என்ற பொதி முறையைக் கொண்டுவந்தார். நீங்கள் அழைத்து, புதிதாக வந்த கடிதங்களை எல்லாம் சுருக்கிக் கட்டிய ஒரே பொதியாக இறக்கிக்கொண்டு, போனை வைத்துவிடலாம். படிப்பதும் எழுதுவதும் இணைப்பு இல்லாமல். அப்புறம் மறுபடி அழைத்து, எழுதிய பதில்களை இன்னொரு பொதியாக ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

காசையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை கூடவே வந்தது, இன்று நாம் அதைத்தான் இழந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொதியை இறக்கியவர் அன்றைய கடிதங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். தான் கேட்க நினைத்ததை வேறொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பார், அதற்கு விடையும் வந்திருக்கும், பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் இன்னொரு பதில் வந்து குதிக்காது. முழுக் கடிதத்துக்கு முழுப் பதில்.

சரி, யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்ற உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன், முக்கியமான விஷயம் அதுதான். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் உங்கள் கண்ணில் படாத ஒரு தனி அடையாள எண் உண்டு. நீங்கள் பதில் பொத்தானை அழுத்தும்போது, எந்தக் கடிதத்துக்கான பதில் என்று அதன் அடையாளத்தைச் செயலி உங்கள் கடிதத்தின் தலைப்பகுதியில் எழுதிவிடும். அதற்கு முந்திய கடிதங்களின் அடையாளங்களும் வரிசையாகச் சேரும். மின்னஞ்சலின் 1982ஆம் ஆண்டுத் தரத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களின் வலைக்காக 1987இல் வந்த விதி இன்னும் கறாரானது. பதில் கடிதம் என்றால் முந்தைய கடிதத்தின் அடையாளம் கட்டாயம் இருக்க வேண்டும், புதுப்பேச்சு என்றால் இருக்கவே கூடாது.

இந்த அடையாளங்களை வைத்து, எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டலாம். நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியோடு வந்த மின்னஞ்சல் செயலிக்கு இந்தக் கிளைப் பிரிப்பை எழுதியவர் ஜேமி ஸவின்ஸ்கி. 1997இல் அந்த வழிமுறையை விளக்கி எழுதினார். அதில் உங்களுக்குப் பொருந்தும் நுட்பம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு கடிதம் வந்து சேரவில்லை என்றால், அதன் இடத்தில் ஒரு காலி இடத்தை வைத்துவிட்டு, அதற்கு வந்த பதில்களை அதன் கீழேயே தொங்க விடுவார். கடிதம் பிந்தி வந்தால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதால் கிளை மாறாது. ஆகவே நீங்கள் பத்து நாள் கழித்து அனுப்பினாலும், சரியான கடிதத்துக்குப் பதில் பொத்தானை அழுத்தி எழுதியிருந்தால், உங்கள் பதில் சேர வேண்டிய இடத்தில்தான் சேரும். சங்கிலி அறுபடுவது நாம் புதுக்கடிதம் திறந்து, அதே தலைப்பைத் தட்டச்சு செய்து அனுப்பும்போது. பழைய கடிதத்துக்குப் பதில் என்று தொடங்கி உள்ளே வேறு ஏதோ விஷயத்தை எழுதினால், அது தவறான கிளையில் போய்ச் சேரும். இரண்டையும் குழுக்களில் தினமும் செய்கிறார்கள்.

உத்திரமேரூர் விவாதத்தில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, ஒன்று 919ஐச் சேர்ந்தது, மற்றது 921. குடவோலைக்குத் தகுதியான வயது முதலாவதில் 30க்கு மேல் 60க்குள், இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். ஒருவர் முதல் கல்வெட்டைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் இரண்டாவதை வைத்து மறுக்கிறார், இருவர் சொல்வதும் சரி. எந்த வரிக்கு மறுப்பு என்று மேலே இரண்டு வரியை எடுத்துப் போட்டிருந்தால் மூன்றாவது கடிதத்திலேயே முடிந்திருக்கும். தயவுசெய்து அந்த இரண்டு வரியை எப்போதும் போடுங்கள். முழுக் கடிதத்தையும் வாலாகத் தொங்கவிட வேண்டாம், நீங்கள் பதில் சொல்லும் வாக்கியம் மட்டும் போதும். இணைப்பு இல்லாதபோது எழுதுகிறவருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் உங்கள் பதிலைப் படிப்பவர் பேச்சின் தொடக்கத்தை மறந்திருப்பார்.

கணினி இருந்தால் தண்டர்பேர்டு போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். கடிதங்களைக் கணினியிலேயே இறக்கி வைக்கும், கிளை கிளையாகக் காட்டும், ஆஃப்லைனில் எழுதிய பதில்களை வைத்திருந்து இணைப்பு வந்ததும் அனுப்பும். போன் மட்டும்தான் என்றால், நீளமான பதிலை மின்னஞ்சல் செயலிக்குள்ளேயே எழுதாதீர்கள். குறிப்பு எழுதும் செயலி எதிலாவது எழுதிவிட்டு, அப்புறம் பதில் சொல்ல வேண்டிய கடிதத்தைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி ஒட்டுங்கள். பழைய விண்டோஸில் நோட்பேடில் எழுதுவதாக இருந்தால் சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக யூடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். 2019க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அதுவே இயல்பாக இருக்கிறது.

பாக்கிப் பதில்களுக்கு நான் ஒரு சாதாரணக் கோப்பு வைத்திருக்கிறேன். யார், எந்தத் தேதிக் கடிதம், என்ன கேட்டார், ஒரு வரி. பதில் போனதும் வரியை அழிப்பதில்லை, பக்கத்தில் தேதி போடுவேன். நான் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் கேள்விகள் தனியாகக் கீழே இருக்கும். இந்த இரண்டாவது பட்டியலைத்தான் பலர் வைப்பதில்லை. பதில் வராத நல்ல கேள்வியைத் திரும்பக் கேட்க யாருக்கும் நினைவிருப்பதில்லை, குழுவில் உண்மையில் காணாமல் போவது இப்படிப்பட்ட கேள்விகள்தான்.

பேச்சு நகர்ந்து போய்விடாதா என்று கேட்டீர்கள். நகரும். ஆனால் கல்வெட்டு எங்கேயும் போகாது. ஆயிரத்து நூறு வருடம் சுவரில் இருந்ததைப் பற்றிப் பேச ஒரு வாரம் தாமதம் ஆனால் என்ன? அந்த வயதுக் கணக்கை இரண்டு கல்வெட்டின் வரிகளோடு எழுதி, முதலில் கேள்வி எழுப்பியவரின் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கள். அனுப்பியபின் எனக்கும் ஒரு நகல் போடுங்கள்.

அன்புடன்