அரிசி, பருப்பில் வண்டு வராமல் வைத்துக்கொள்வது எப்படி?

வேப்பிலை, காய்ந்த மிளகாய், பூண்டு எல்லாம் போட்டும் மாதம் தவறாமல் அரிசியில் வண்டு வருகிறது, கடையில் சொன்னபடி போரிக் பவுடர் கலந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கலக்காதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை இன்றே மனதில் வையுங்கள். போரிக் அமிலம் உணவில் சேர்க்க அனுமதி இல்லாத பொருள். நாலு தண்ணீர் விட்டுக் களைந்தாலும் முழுவதும் போய்விட்டதா என்று அடுப்படியில் நின்று நாம் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோற்றைத்தான் குழந்தைக்கும் பிசைந்து கொடுக்கிறோம். அதைவிடக் கொடியது கிடங்குகளில் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியேறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. யாராவது இரண்டு மாத்திரை தந்தால்கூட வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

நான் பெரம்பூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். திருமணமாகி வந்த முதல் ஐப்பசியில், செங்குன்றத்து மண்டியிலிருந்து 25 கிலோ பொன்னி சிப்பம் ஒன்று வந்தது. டிரம்மின் அடியில் பழைய அரிசி நாலைந்து படி இருந்தது. அதன் மேலேயே புதியதைக் கொட்டினேன். அடைமழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முடிவதற்குள் டிரம்மின் விளிம்பில் கறுப்பாக ஊர்ந்து, சுவரில் ஏறி, சாமி மாடம் வரை போய்விட்டன. மழை விட்ட ஒரு நாளில் சிப்பம் முழுவதையும் மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினேன். வண்டுகள் நிழல் தேடி ஓடின. மகிழ்ச்சியாக வாரி எடுத்து வைத்தேன். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே கூட்டம். போதாததற்கு, வெயில் பட்ட அரிசி வெடித்து நொறுங்கி, சோறு கூழாகக் குழைந்தது. என் மாமியார் ஒரு பருக்கையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓடினது தாய், உள்ளே இருக்கிறது பிள்ளை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அரிசி வண்டின் பெண் பூச்சி, நீண்ட மூக்கால் அரிசியில் சிறு குழி தோண்டி, ஒரு முட்டை இட்டு, பிசின் போன்ற ஒன்றால் வாயை மூடிவிடும். வெளியே பார்த்தால் நல்ல அரிசி. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 30 டிகிரி சூடும் ஈரக்காற்றும் கூடிய நம் ஊரில் இதற்கு ஒரு மாதம் போதும். மாதம் தவறாமல் வருகிறது என்று நீங்கள் எழுதியதன் காரணம் இதுதான். ஒரு பூச்சி தன் ஆயுளில் முந்நூறு முட்டை வரை இடும். வேப்பிலையின் வாசனை வெளியே திரியும் பூச்சியைக் கொஞ்சம் விலக்கும், அரிசிக்குள் அடைபட்டிருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வேப்பிலை போடுவதாக இருந்தால் நிழலில் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்கட்டும். பச்சை இலையின் ஈரம் பூஞ்சைக்கு வழிவிடும்.

ஆகவே உள்ளே இருப்பதைக் கொல்ல வேண்டும். வீட்டில் அதற்குக் குளிர்தான் சிறந்த வழி. பருப்பு, சிறுதானியம், ரவை எது வாங்கினாலும் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுகிறேன். மைனஸ் 18 டிகிரியில் நாலு நாளே போதும், ஆனால் நாம் அடிக்கடி கதவைத் திறக்கிறோம், பொட்டலத்தின் நடுவரை குளிர் இறங்கவும் நேரம் வேண்டும். வெளியே எடுத்த உடனே பிரிக்கக் கூடாது. அரை நாளாவது அப்படியே கிடந்து அறையின் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த பருப்பின் மேல் வியர்த்து இறங்கிவிடும். நான் இப்படி இரண்டு கிலோ பாசிப்பயற்றைப் பூஞ்சைக்குக் கொடுத்திருக்கிறேன்.

25 கிலோ அரிசிக்கு ஃப்ரீசர் போதாது. அங்கே காற்றைத் தடுப்பதுதான் வழி. நன்கு கழுவி, இரண்டு நாள் காயவைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில், தட்டித் தட்டிக் கழுத்துவரை அரிசியை நிரப்பி இறுக மூடுகிறேன். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றைப் பூச்சி சுவாசித்துத் தீர்த்துவிட்டால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். பாதி காலியான டிரம்மில் இது நடக்காது, அங்கே காற்று ஏராளம். ஒரு பாட்டில் தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறப்பேன். பழையதன் மேல் புதியதைக் கொட்டும் பழக்கத்தை அடியோடு விட்டேன். டிரம்மின் மூலையிலும் மூடியின் இடுக்கிலும் தங்கும் நொய்யும் தூசியும்தான் அடுத்த கூட்டத்துக்கு விதை.

முழுப்பயறு வேறு கதை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு இவற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள். இந்தப் பூச்சி பெரும்பாலும் வயலிலேயே தொற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, எல்லாப் பயற்றிலும் படும்படி பிசறி வைத்தால் முட்டை மூச்சடைத்துப் போகும். அந்தக் காலத்தில் துவரைக்கு விளக்கெண்ணெய் தடவியதும் செம்மண் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான், அதை மூடப்பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பயறு வெயிலையும் தாங்கும், சித்திரை வெயிலில் தாராளமாகக் காயவைக்கலாம். ஃப்ரீசரில் இடம் இல்லாவிட்டால் ரவையை வாங்கிய அன்றே வறுத்து, ஆறவிட்டு மூடிவையுங்கள்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது. துளையிட்ட குழாய், அவ்வளவுதான். அரிசிக்குள் செருகினால், காற்றைத் தேடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் விழுகின்றன. முட்டையை அது ஒழிக்காது. ஆனால் கூட்டம் சேரும் முன்பே வண்டு வந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் டிரம்மில் இருக்கும் அரிசியைத் தூக்கி எறிய வேண்டாம். சலித்து, முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று கிலோவாக ஃப்ரீசரில் மாற்றி மாற்றி வையுங்கள். களையும்போது மிதக்கும் அரிசி உள்ளே உளுத்தது, அதைத் தண்ணீரோடு கொட்டிவிடலாம். அரிசி வண்டுக்கு விஷம் கிடையாது, பயப்படத் தேவையில்லை. ஆனால் மாவிலும் ரவையிலும் செந்நிற வண்டு பெருகி ஒரு காரமான நெடி வந்துவிட்டாலோ, கேழ்வரகும் தினையும் நூல் கோத்துக் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தாலோ, அரிசியில் பூஞ்சை வாடை அடித்தாலோ, விலையைப் பார்க்காமல் கொட்டிவிட்டு டப்பாவை வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள்.