வெள்ளைப் புள்ளியை மறைக்க எந்தச் சாயம், எந்தத் தூரிகை?

வாசகர் ஒருவர் வீட்டின் பின்னறையை இருட்டறையாக்கி, தம் தந்தையார் எடுத்த 35 மி.மீ. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை 8×10 அங்குல பளபளப்பு ஃபைபர் தாளில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத போட்டோத் தாளில்) அச்சிட்டு வருகிறார். எவ்வளவு துடைத்தாலும் அச்சில் வெள்ளைப் புள்ளிகளும் மயிரிழைக் கோடுகளும் விழுகின்றன என்றும், ஓரிரு படங்களில் கறுப்புப் புள்ளிகளும் உண்டு என்றும் எழுதியிருக்கிறார். இந்தியன் இங்க் தொட்டு வைத்ததில் புள்ளி மறைந்துவிட்டது, ஆனால் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் தனியாக மின்னுகிறது. என்னென்ன பொருட்களை வாங்க வேண்டும், மூன்று சுழியம் (000) எண் கொண்ட மிக மெல்லிய தூரிகை போதுமா என்று கேட்கிறார்.

அந்த மினுமினுப்பிலேயே பாதி விடை இருக்கிறது. இந்தியன் இங்க் என்பது கரித்துகளைப் பசையிலோ அரக்கிலோ கலந்த மை. துகள் அச்சுத்தாளின் மேற்பூச்சான ஜெலட்டினுக்குள் நுழையாது, மேலேயே படிந்து காய்ந்துவிடும். சாயமோ நீரில் முழுவதும் கரைந்திருப்பது. ஈரம் பட்டு ஜெலட்டின் உப்பும்போது அதனுடன் உள்ளே போய்த் தங்கிவிடுகிறது, காய்ந்த பிறகு மேற்பரப்பு பழையபடியே இருக்கிறது. ஆகவே பளபளப்புத் தாளுக்குச் சாயம்தான் வாங்க வேண்டும். மங்கல் பரப்புள்ள தாளாக இருந்தால் நல்ல தரமான வாட்டர் கலரே போதும். அதில் மென்மையான பென்சில்கூட வேலை செய்யும்.

இதற்கென்றே பல பத்தாண்டுகள் புகழ்பெற்றிருந்த அமெரிக்கத் தயாரிப்பான ஸ்பாட்டோன் 2000-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. பழைய ஸ்டூடியோ சாமான்களில் அதன் குப்பி கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வற்றிப்போயிருந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் சாயம் தண்ணீர் விட்டால் மீண்டும் கரையும். அதே முறையில் அமைந்த மார்ஷல் நிறுவனத்துச் சாயக் குப்பிகளும், சாயம் தோய்த்து உலர்த்திய பியர்லெஸ் தாள்களும் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் தேடத் தக்கவை. எதை வாங்கினாலும் ஒரே ஒரு கறுப்பை மட்டும் வாங்காதீர்கள். அச்சின் கறுப்பு ஒரே கறுப்பு அல்ல: சில தாள்களில் அது நீலம் ஓடிய கறுப்பு, சிலவற்றில் பழுப்பு, அச்சின் நிறத்தை மாற்றும் செலினியம் டோனர் கரைசலில் போட்டெடுத்தால் ஊதாவை நோக்கிச் சாயும். நடுநிலைக் கறுப்பு, நீலக் கறுப்பு, பழுப்பு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் எந்தத் தாளுக்கும் கலந்துகொள்ளலாம்.

பேனா மையும் சாயம்தானே என்று தோன்றலாம். கறுப்பு மையில் ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் விட்டு, அதன் நடுவில் சிறிது தண்ணீரையும் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான மைகள் விளிம்பில் நீலமாகவும் ஊதாவாகவும் சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். பல சாயங்களின் கூட்டான அத்தகைய கறுப்பு, மெல்லிய சாம்பலாக நீர்க்கும்போது நிறம் காட்டிக் கொடுத்துவிடும். வெளிச்சத்தில் அந்தச் சாயங்கள் ஒரே வேகத்தில் வெளிறுவதும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவுக்கும் இதே குறை உண்டு. நல்ல சாயத்தையும் ஒருமுறை சோதித்துவிடுவது மேல்: கழிவு அச்சு ஒன்றின் வெள்ளை ஓரத்தில் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரங்கள் ஒட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது தூரிகை. சாயத்தில் மிச்சம் பிடித்தாலும் தூரிகையில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்பேன். மூன்று சுழியம் எண் தூரிகை பலருடைய முதல் தேர்வு. என் அனுபவத்தில் அது முதல் தவறும்கூட. நாலைந்து மயிர்களே உள்ள தூரிகை நீரைத் தேக்கி வைக்காது, இரண்டு புள்ளி வைப்பதற்குள் முனையிலேயே சாயம் காய்ந்துவிடும். வயிறு பருத்து நுனி ஊசியாகக் கூடும் 1 அல்லது 2-ஆம் எண் தூரிகை, சாயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நுனிக்குச் சிறிது சிறிதாக அனுப்பும். கொலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் வால்மயிரில் செய்தவை இதற்குச் சிறந்தவை. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரீஸ் 7 வகை அவற்றுள் பெயர்பெற்றது. விலை கூடுதல்தான், ஆனால் சாயத்துக்கு மட்டுமே பயன்படுத்தி, கழுவி, நுனியைக் கூட்டி நிமிர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சில கடைகளில் கீரி முடித் தூரிகையை எடுத்துக் காட்டுவார்கள். கீரி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தத் தூரிகையை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

கடையில் புதுத் தூரிகையின் கூர்மையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பசை தடவி நுனியை ஒட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிப் பசையைக் கரைத்து, ஒருமுறை உதறுங்கள். மயிர்கள் தாமாக ஒரே நுனியாகக் கூட வேண்டும். கட்டைவிரல் நகத்தில் லேசாக அழுத்தி எடுத்தால் வளைந்தபடி நிற்காமல் நிமிர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வேறு தூரிகை கேளுங்கள்.

மற்றவை சில்லறைப் பொருட்கள்: வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒற்றுத்தாள், அச்சின் மேல் கை படாமலிருக்கப் பருத்திக் கையுறை. பூதக்கண்ணாடி இரண்டு மடங்கு காட்டினால் போதும். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் லென்ஸை மாட்டிக்கொண்டால் படத்தை உருவாக்கும் வெள்ளி மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஃபிலிமைக் கடைசியாக அலசப் பயன்படும் போட்டோ-ஃப்ளோ இருந்தால், ஒரு தம்ளர் நீரில் ஒரு சொட்டு விட்டு அந்த நீரால் சாயத்தைக் கரையுங்கள். சாயம் திரளாமல் இறங்கும், குறிப்பாகப் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளில்.

இத்தனையும் வாங்கிய பிறகும் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். சாயத்தைத் தட்டில் விட்டுக் காயவைத்து, ஈரத் தூரிகையால் தொட்டு, ஒற்றுத்தாளில் உருட்டி இழுத்து, ஏறக்குறைய உலர்ந்த நுனியோடுதான் அச்சுக்கு வர வேண்டும். நனைந்த தூரிகையால் வைத்த புள்ளி, காயும்போது நடுவில் வெளிறி விளிம்பில் கறுத்த வளையமாகிவிடும். ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் நான் அப்படி வைத்த வளையத்துக்காக அந்தப் படத்தையே மறுபடி அச்சிட நேர்ந்தது. கோடாக இழுக்காமல் புள்ளிபுள்ளியாக, சுற்றியுள்ள சாம்பலைவிட ஒரு படி வெளிறிய சாயத்தால் தொடங்கி ஏற்றிக்கொண்டு வாருங்கள். கருமையான பகுதிகளை முதலில் முடித்தால், தூரிகையில் சாயம் குறையக் குறைய வெளிறிய பகுதிகளுக்குத் தானாகவே பொருந்தி வரும். அச்சை மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்தில் நிறத்தைச் சரிபாருங்கள். குண்டு பல்பின் கீழ் பொருந்திய சாயம் பகல் வெளிச்சத்தில் பச்சை காட்டக்கூடும்.

கறுப்புப் புள்ளிகளின் கதை வேறு. வெள்ளைப் புள்ளி, படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரில் நெகட்டிவ் மேல் இருந்த தூசியின் நிழல். கறுப்புப் புள்ளி நெகட்டிவிலேயே இருக்கும் ஓட்டை, அதைத் துடைத்துப் போக்க முடியாது. பழைய ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்பவர்கள் அதைப் பெரிய நெகட்டிவிலேயே பென்சிலால் அடைத்துவிடுவார்கள், 35 மி.மீ. ஃபிலிமில் அதற்கு இடமில்லை. எனவே அச்சில்தான் வெளுக்க வேண்டும். அதற்குப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு வாங்குங்கள். எலுமிச்சை மஞ்சள் நிறம் வரும் அளவுக்கு நீர்த்து, ஈர அச்சில் மலிவான நைலான் தூரிகையால் தொட்டு, புள்ளி வெளுத்ததும் மீண்டும் ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசலில்) இட்டு நன்றாக அலச வேண்டும். அந்தத் தூரிகையில் இரும்புப் பூண் இருக்கக் கூடாது. இரும்பு பட்டால் நீலக் கறை விழும். வலுவான அமிலம் எதையும் இந்த உப்பின் அருகில் வைக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஓரிரு புள்ளிகளுக்காக இத்தனை ஏற்பாடு வேண்டாம் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் 15-ஆம் எண் அறுவைக் கத்தி அலகு ஒன்று போதும். நன்கு உலர்ந்த ஃபைபர் அச்சில் அதன் வளைந்த முனையால், எடையே கொடுக்காமல், மயிரிழை மயிரிழையாகச் சுரண்ட வேண்டும். பளபளப்புத் தாளில் சிறு தழும்பு தெரியத்தான் செய்யும். வரிசை மட்டும் மாறக் கூடாது: ஈர நிலையில் வெளுத்தல், பிறகு டோனர், உலர்ந்த பின் சாயம், எல்லாம் முடிந்த பிறகே கத்தி. சுரண்டிய இடத்தில் ஜெலட்டின் சொரசொரத்திருக்கும். அங்கே சாயம் பட்டால் அளவுக்கு மீறிக் குடித்து, எடுத்த புள்ளியைவிடக் கறுத்துவிடும்.