குடுவையில் எழுதியது

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவில் எந்த மரபணுவை எது கட்டுப்படுத்துகிறது என்பதை இயந்திரக் கற்றல் தானே பிரித்துச் சொல்லிவிடுகிறதாம். இனி ஆய்வகத்தில் வருடக்கணக்கில் நிற்பது வீண்தானே? கணினி மொழிகளில் பைத்தான் படிப்பதா, ஆர் படிப்பதா? தமிழில் இதற்கெல்லாம் கலைச்சொல் இல்லையே என்ற வருத்தமும் உண்டு.

ர.

அன்புள்ள ர.,

பைத்தானோ ஆரோ, எது கைக்கு வருகிறதோ அதைப் படியுங்கள். கலைச்சொல் பற்றி இன்னொரு நாள் பேசலாம். "வீண்தானே" என்று எழுதிவிட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். ஒரு வாரமாக என் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்வது அமெரிக்காவின் சான் டியாகோவில் பெர்ன்ஹார்ட் பால்சன் என்ற விஞ்ஞானியின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். அருமையான வேலை. கல்யாண மண்டபத்தின் நாலு மூலையிலும் மைக் வைத்தால் ஒவ்வொன்றிலும் நாதஸ்வரமும் தவிலும் பந்திக்குக் கூப்பிடும் சத்தமும் கலந்துதான் பதியும். பதிவுகளை ஒப்பிட்டு ஒவ்வொரு குரலையும் தனியே பிரிக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதை அவர்கள் ஈ.கோலையின் 250க்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ. அளவீடுகளில், அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்குகளில், போட்டுப் பார்த்தார்கள். 92 குரல்கள் பிரிந்து வந்தன; ஒவ்வொன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரு மரபணுக் கூட்டம். எந்த மரபணு யார் பிடியில் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த 92இல் 61 எந்தக் கட்டுப்பாட்டாளருடைய குரல் என்று சொல்ல முடிந்ததே, எப்படி? முன்பே யாரோ ஆய்வக மேசைக்கு முன்னால் நின்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் அம்மா! இரண்டு சர்க்கரை கலந்து வைத்தால் பாக்டீரியா ஒன்றைத் தின்று முடித்து, சற்று நின்று, பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் மோனோ 1941இல் முனைவர் பட்டம் பெற்றது அந்தத் தயக்கத்தைக் கவனித்ததற்காக. பால் சர்க்கரையான லாக்டோஸ் இல்லாதபோது அதைச் செரிக்கும் மரபணுக்களை ஒரு தடுப்பான் அடைத்து வைக்கிறது என்று அவரும் பிரான்சுவா ஜேக்கப்பும் எழுதியது 1961இல். இடைப்பட்ட இருபது வருடமும் வீணா?

என் ஆய்வுக் காலத்தில் ஒருநாள் விடியற்காலை பாக்டீரியா வளர்க்கும் குடுவைகளை, அவற்றை ஆட்டும் ஷேக்கர் இயந்திரத்திலிருந்து எடுத்தேன். எத்தனால் பட்ட கையோடு முதல் நாள் தூக்கியிருக்கிறேன். மார்க்கரில் எழுதியது கரைந்து, இரண்டு குடுவைகளில் ஊதா நிறத் தீற்றல் மட்டும் மிச்சம். எது குளுக்கோஸ், எது லாக்டோஸ்? இரண்டும் ஒரே கலங்கல், ஒரே வாடை. "இடது பக்கம் இருந்தது லாக்டோஸ்தான், எழுதிக்கொள்" என்றார் பக்கத்து மேசை நண்பர். எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எண்கள் எதோடும் ஒத்துவராதபோதுதான் அந்த ஊதாத் தீற்றல் ஞாபகம் வந்தது. அத்தனை வேலையையும் தூக்கிப் போட்டேன்.

கணக்குக்கு எண் தெரியும். அந்த எண் எந்தக் குடுவையிலிருந்து வந்தது என்று தெரியாது. பால்சன் குழுவின் அளவீடுகள் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்தவை. எந்தச் சர்க்கரை, ஈ.கோலையில் எந்த வகை, இரும்பு இருந்ததா இல்லையா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் குறித்திருந்தார்கள். ஒரு குரல் ஓங்கினால் "இங்கே இரும்பு போதவில்லை" என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்பால்தான். அதை எழுதிய கையைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வராதா?

பெயர் தெரியாத குரல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு நீங்கள் பெயர் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கல்லூரியில் ஷேக்கர் ஓடுகிறதா? அடுத்த கடிதத்தோடு உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தேதி தெரிய வேண்டும்.