இ.சி. யூனிட் போட்ட பிறகும் வாரிய நோட்டீஸ்: பதிலில் என்ன எழுதுவது?

கேள்வி: கழிவு எண்ணெயிலிருந்து பேஸ் ஆயில் (மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெய்) எடுக்கும் சிறு ஆலை எங்களுடையது. கழிவுநீருக்கு அலுமினியத் தகடு வைத்த எலக்ட்ரோகோயாகுலேஷன் (இ.சி., மின்சாரத்தால் அழுக்கைத் திரட்டிப் பிரிக்கும் முறை) யூனிட் போட்டோம். எண்ணெய் குறைந்தது, சி.ஓ.டி. (நீரில் உள்ள கழிவின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) குறையவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்தலாமா?

பதில்: பாக்கி பிறகு, நோட்டீஸ் முதலில். குறித்த கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவு வரலாம். உத்தரவே வந்துவிட்டால், 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

"புது யூனிட் போட்டுவிட்டோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, சுத்திகரிப்பு அமைப்பில் கூடுதலாகச் சேர்ப்பதற்கும் வாரியத்தின் முன் இசைவாணை (அனுமதி) தேவை. அது இல்லாமல் போட்டிருந்தால் உங்கள் பதிலே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். திருத்திய இசைவாணைக்கு இன்றே விண்ணப்பித்து, அதன் நகலைப் பதிலோடு இணையுங்கள்.

மாதிரி எடுத்த விதத்தையும் பாருங்கள். அதே சட்டத்தின் 21-வது பிரிவின்படி எடுக்கும்போதே உங்களுக்கு நோட்டீஸ் தந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டிருந்தால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இதில் குறை இருந்தால் அந்த ஆய்வறிக்கை வழக்கில் சாட்சியமாக நிற்காது.

சி.ஓ.டி. குறையாததில் வியப்பில்லை. இந்த முறை குழம்பிக் கலந்த எண்ணெயையும் மிதக்கும் துகளையும் பிரிக்கும். பீனால் போன்ற கரைந்த வேதிப்பொருள்கள் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். அதற்கு அடுத்த கட்டமாக உயிரியல் தொட்டியோ மின் ஆக்சிஜனேற்றமோ வேண்டும். எதை, எந்தத் தேதிக்குள் போடுவீர்கள் என்று பதிலில் எழுதுங்கள்.

சப்ளையர் விஷயம் பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது. அதில் எண்ணெய் அளவுக்கு மட்டும் உத்தரவாதம் என்றால் உங்கள் வழக்கு பலவீனம். உங்கள் கழிவுநீரின் தன்மையையும் எட்ட வேண்டிய சி.ஓ.டி. அளவையும் சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கியிருந்தால் சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவு கைகொடுக்கும். 59-வது பிரிவில் விலைக் குறைப்பும் கேட்கலாம். "தகட்டைச் சுத்தம் செய்யவில்லை" என்பது அவர் சொல்லக்கூடிய பதில். அதற்கு லாக் புத்தகம் (தினசரி இயக்கப் பதிவேடு)தான் மறுப்பு. 100 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் கணக்குப்படி சுமார் 33.5 கிராம் அலுமினியம் கரையும்; தகட்டு எடை அதற்கேற்பக் குறைகிறதா என்று ஒப்பிடலாம். ஆம்பியர், வோல்ட், தகட்டு எடை மூன்றையும் தேதியோடு குறியுங்கள். ஆம்பியர் மாறாமல் வோல்ட் மட்டும் ஏறினால், பெரும்பாலும் தகட்டில் படலம் படிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அவர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமானால், பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தீர்களா என்பதைப் பொறுத்தே பாக்கியை நிறுத்துங்கள். ஆட்சேபிக்காமல் நிறுத்தினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி ஏறும். வணிகத்துக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையம் உதவாது.

யூனிட்டில் சேரும் எண்ணெய்க் கசடு அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் வைக்காமல், மேனிஃபெஸ்ட் (கழிவு அனுப்பும் ஆவணம்) போட்டு அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புங்கள். அந்த நகல்களையும் பதிலோடு வையுங்கள்.