மாமியாருக்கு எளிதான ஜப்பானியக் கரோக்கே பாட்டு

கரோக்கேயில் பாடும்போது உங்கள் ஜப்பானிய மாமியாருக்குக் குரல் உடைகிறது, எளிதான பாட்டு எது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவரை ‘செத்தோ நோ ஹனயோமே’ என்ற பாட்டைப் பாடச் சொல்லுங்கள். கொயனாகி ருமிகோ 1972-ல் பாடியது. நிதானமான தாளம், உங்கள் மாமியார் வயதுப் பெண்கள் பலருக்கும் பழகிய மெட்டு.

‘கவா நோ நகரே நோ யோ நி’ பாட்டில்தான் அவருக்குக் குரல் உடைகிறது என்றீர்கள். அது அவர் குறையே இல்லை. மிசோரா ஹிபாரியின் அந்தப் பாட்டு தாழ்வாகத் தொடங்கி, பல்லவியில் சட்டென்று உச்சத்துக்கு ஏறும்.

அதையேதான் பாட ஆசைப்படுகிறார் என்றால், கரோக்கே கருவியில் சுருதியை மாற்றும் ‘கீ’ பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாக இறக்குங்கள். ஒரு படிக்கு அரைச் சுரம். எத்தனை படி இறக்க வேண்டும் என்பது பல்லவியை மட்டும் பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ரொம்ப இறக்கினால் தொடக்க வரிகள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

அப்புறம், இஷிகாவா சயூரியின் ‘அமாகி கோஎ’ இப்போதைக்கு வேண்டாம். நன்றாகப் பாடுபவர்களையே திணறடிக்கும்.